நரம்பு எங்கே, குடல் எங்கே

போன ஞாயிற்றுக்கிழமை இறால் உரித்துக்கொண்டிருந்தேன். "நரம்பு எடுத்துத் தரவா சார்?" என்று மீன்காரம்மா கேட்டார். நானே எடுத்துக்கொள்கிறேன் என்று வீம்பாக அரைக் கிலோவை அப்படியே வாங்கி வந்துவிட்டேன். ஓட்டை உரித்து, முதுகில் லேசாகக் கீறி, பல்குச்சியால் நெம்பினால் கறுப்பு நூல் மாதிரி ஒன்று வரும். அதைத்தான் நாம் எல்லோரும் நரம்பு என்கிறோம். அது நரம்பே இல்லை, குடல். கறுப்பாகத் தெரிவது இறால் தின்றதன் மிச்சம். நிஜ நரம்பு அதற்கு எதிர்ப்பக்கம், வயிற்றோரமாக மெல்லிய வெள்ளை இழையாக ஓடுகிறது. அதை யாரும் எடுப்பதில்லை. குழம்பில் சேர்ந்தே வெந்துவிடுகிறது.

நமக்குத் தண்டுவடம் முதுகில், குடல் வயிற்றில். இறாலுக்கு அப்படியே மாற்றி.

இதை ஒருத்தர் ரொம்ப சீரியஸாக எடுத்துக்கொண்டார். பாரிஸில் இருந்த விலங்கியலாளர் ஜெஃப்ராய் சேன்ட்-இலேர். 1822இல் ஒரு சிங்கி இறாலை அறுத்து, அதை மல்லாக்கப் போட்டு வரைந்தார். இப்போது மேலே நரம்பு, நடுவே குடல், கீழே இதயம். முதுகெலும்புள்ள பிராணிக்குள் இருக்கும் அதே வரிசை. அப்படியென்றால் இரண்டு உடம்புக்கும் வரைபடம் ஒன்றுதான், ஒன்று குப்புறக் கிடக்கிறது என்றார். எல்லா விலங்குகளுக்கும் ஒரே அமைப்பு என்ற அவருடைய கொள்கையை, அதே பாரிஸில் இருந்த இன்னொரு விலங்கியலாளர் கூவியே (Cuvier) ஏற்கவில்லை. 1830இல் அறிவியல் கழகத்தில் இருவருக்கும் பெரிய தகராறே நடந்தது. கூவியே பெரிய கை. இறால் கதை கிறுக்குத்தனம் என்று ஓரங்கட்டப்பட்டது.

அப்புறம் 1990களின் நடுவில் கரு வளர்ச்சியை ஆராய்ந்தவர்கள் ஒன்றைப் பார்த்தார்கள். தவளைக் கருவில் முதுகுப்பக்கத்தை அமைக்கும் ஒரு மரபணு. பழ ஈயில் வயிற்றுப்பக்கத்தை அமைக்கும் ஒரு மரபணு. இரண்டும் உறவுக்காரர்கள். ஈயின் சரக்கைத் தவளைக் கருவில் செலுத்தினால் அங்கே முதுகுப்பக்கத் திசு உருவாகிறது. மல்லாக்கப் போட்டவர் சொன்னதில் விஷயம் இருந்திருக்கிறது. வாய் மட்டும் இன்றுவரை முரண்டு பிடிக்கிறது. இறாலைத் திருப்பிப் போட்டால் அதன் வாய் நம் பிடரிப்பக்கம் போய்விடும். அதற்குத் தனி விளக்கம் வேண்டும். ஆனால் மற்ற வரிசை எதுவும் குலையவில்லை.

இதையெல்லாம் இப்போது எழுதக் காரணம், குடும்ப வாட்ஸ்அப் குழுவில் வந்த ஒரு ஃபார்வர்டு. 'எப்போதும் திருப்பிப் போட்டுப் பார்' என்று யாக்கோபி என்ற ஜெர்மன் கணித மேதை சொன்னாராம். ஆகவே நீங்களும் மாத்தி யோசித்தால் வெற்றி நிச்சயமாம். கீழே ஏதோ பயிற்சி வகுப்பின் நம்பர். யாக்கோபி செய்தது நீள்வட்டத் தொகையீடுகள் என்ற சிக்கலான நுண்கணிதக் கணக்குகளைத் திருப்பிப் போட்டு ஒரு புதிய சார்புக் குடும்பத்தையே கட்டியது. 1829இல் தனி நூலாகவே வந்த உழைப்பு அது. மாத்தி யோசி கூட்டம் செய்வது வேறு. ஊரே ஒன்றைச் சொன்னால் அதில் ஒரே ஒரு துண்டைப் பிடித்துத் திருப்பிவிட்டு, மற்றதையெல்லாம் இருந்த இடத்திலேயே விட்டுவிடுவது. என் எரிச்சல் அதன்மேல்தான்.

எங்கள் வீட்டில் இரண்டு செல் டார்ச் ஒன்று இருந்தது. கரண்ட் போனால் அப்பா அதைத்தான் தேடுவார். செல் மாற்றுவது என் வேலை. இரண்டு செல்லையும் தலைகீழாகப் போட்டாலும் பல்பு எரியும். அது பழைய குண்டு பல்பு, அதற்கு எந்தப் பக்கமாக இருந்தாலும் சரி. ஒன்றை மட்டும் திருப்பிப் போட்டுவிட்டால் தீர்ந்தது. ஒன்றின் வோல்டேஜை மற்றது அடித்துவிடும். இருட்டில் அப்பாவிடம் திட்டு வாங்கிக்கொண்டு தட்டித் தட்டிப் பார்த்தது நினைவிருக்கிறது.

மின்சாரத்தின் கதையே அப்படித்தான். பெஞ்சமின் பிராங்க்ளின் 18ஆம் நூற்றாண்டில் குத்துமதிப்பாக பிளஸ், மைனஸ் பெயர் வைத்தார். 1897இல் தாம்சன் எலக்ட்ரானைக் கண்டுபிடித்தபோது அது மைனஸாகப் போய்விட்டது. கம்பிக்குள் எலக்ட்ரான் ஓடுவது நம் பாடப்புத்தக அம்புக்குறிக்கு எதிர்த்திசையில். யாரும் திருத்தவில்லை, திருத்தத் தேவையும் இல்லை. எல்லாமே சேர்ந்து தலைகீழாக இருப்பதால் கணக்கு சரியாகவே வருகிறது.

உடம்பிலும் இதே கதைதான். சுமார் 10,000 பேரில் ஒருவருக்கு உள்ளுறுப்புகள் கண்ணாடியில் பார்ப்பதுபோல் இடம் மாறியிருக்கும். இதயம் வலப்பக்கம், கல்லீரல் இடப்பக்கம். குடல்வால் வீங்கினால் வலி இடப்பக்கம் வந்து டாக்டரைக் குழப்பும். மற்றபடி பலர் அது தெரியாமலே வாழ்கிறார்கள், ஏதோ ஒரு எக்ஸ்ரேயில் தெரிய வரும்வரை. சிக்கல் வருவது பெரும்பாலும் அரைகுறையாகத் திரும்பியவர்களுக்கு. சில உறுப்புகள் மாறி, சில மாறாமல் நின்றால் இதய அறைகளும் ரத்தக் குழாய்களும் ஒன்றோடொன்று பொருந்தாமல் போகலாம். பிறந்த குழந்தைக்கே அறுவை சிகிச்சை தேவைப்படலாம்.

இடம் வலம் எப்படித் தீர்மானமாகிறது என்பது இன்னும் விசித்திரம். கருவில் கண்ணுக்குத் தெரியாத நுண்மயிர்கள் சுழன்று, திரவத்தை இடப்பக்கமாகத் தள்ளுகின்றன. அவை பிறவியிலேயே அசையாதவர்களுக்கு இதயம் எந்தப் பக்கம் என்பது பூவா தலையா போட்டுப் பார்ப்பதுதான். ஏறக்குறைய பாதிப் பேருக்கு மாறிவிடுகிறது. மூச்சுக்குழாயில் சளியைத் தள்ளுவதும் இதே வகை மயிர்கள் என்பதால் இவர்களுக்கு ஓயாத சளித் தொல்லையும் உண்டு. இரண்டும் சேர்ந்து வருவதை 1933இல் கார்ட்டகனர் என்ற மருத்துவர் எழுதினார். காரணம் இந்த மயிர்கள்தான் என்று அஃப்செலியஸ் என்ற ஆய்வாளர் சொன்னது 1976இல்.

திருப்பினால் மொத்தமாகத் திருப்ப வேண்டும் என்பது நம் இலக்கணக்காரர்களுக்கு முன்பே தெரியும் என்று சொல்லமாட்டேன். அந்த வியாதி எனக்குக் கிடையாது. ஆனால் நன்னூல் சொல்லும் மொழிமாற்றுப் பொருள்கோளுக்கு (பாட்டில் சொற்களை இடம் மாற்றிப் பொருள் கொள்வது) உரைகாரர்கள் காட்டும் பாட்டு ஒன்று உண்டு. 'சுரையாழ அம்மி மிதப்ப' என்று தொடங்கும். சுரைக்காய் மூழ்குகிறது, அம்மி மிதக்கிறது, யானைக்கு நீச்சல் ஆழம், முயலுக்கு நிலை. பள்ளியில் தமிழய்யா இதைச் சொன்னபோது வகுப்பே சிரித்தது. சோடிசோடியாக மாற்றியிருப்பதால்தான் அவிழ்க்க முடிகிறது. சுரையும் மிதந்து அம்மியும் மிதந்தால் அது வெறும் உளறல்.

காரைக்கால் அம்மையாரையும் இப்படித்தான் படிக்கிறேன். கயிலையில் கால் வைக்க அஞ்சித் தலையால் நடந்தார் என்பதை மட்டும் எடுத்துச் சொல்வார்கள். பெரியபுராணத்தில் அதற்கு முன்பே எல்லாம் திரும்பிவிடுகிறது. கணவன் மனைவியின் காலில் விழுகிறான். அவர் அழகான உடம்பை உதறிப் பேய் வடிவம் கேட்டு வாங்குகிறார். கடைசியில் சிவன் 'அம்மையே' என்கிறார், அவர் 'அப்பா' என்கிறார். யாருக்கு யார் பெற்றோர்? தலையால் நடந்ததை மட்டும் பிய்த்தெடுத்தால் அது சர்க்கஸ்.

ஜெர்மன் தத்துவவாதி ஹெகலிடம் இயங்கியல் (முரண்களின் மோதலில் வளர்ச்சியைப் பார்க்கும் முறை) தலைகீழாக நிற்கிறது, நிமிர்த்த வேண்டும் என்று மார்க்ஸ் 1873இல் எழுதியதும் இந்த வகைதான். அந்த இயங்கியலை அவர் தூக்கிப் போடவில்லை. அடியில் எது, மேலே எது என்பதைத்தான் மாற்றினார். இதற்குமேல் போனால் கமெண்டில் சண்டை வரும், விடுகிறேன்.

நான் மட்டும் என்ன யோக்கியம். அப்பா மார்க்குக்காக என்னைத் திட்டாத நாள் கிடையாது. எனக்குப் பெண் பிறந்தபோது, அப்பா செய்ததற்கு நேர் எதிராக நடப்பேன், ஒருநாளும் திட்டமாட்டேன் என்று முடிவு செய்தேன். திட்டவும் இல்லை. மார்க் ஆசையை மட்டும் அவரிடமிருந்து அப்படியே எடுத்து வைத்துக்கொண்டேன். போன மாதம் ரேங்க் கார்டு வந்தது. கணக்கில் 54. பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் கையெழுத்துப் போட்டு நீட்டினேன். வாங்கிக்கொண்டு கொஞ்ச நேரம் அங்கேயே நின்றாள்.

"நீங்க திட்டிடுங்கப்பா. இப்படிப் பேசாம இருக்கறதுதான் பயமா இருக்கு."