அந்த அம்மா வீடியோ எடுத்ததுதான் சரி

முதுநகர்ல குழந்தைக்கு வெட்டி இழுக்கும்போது அதைப் போன்ல வீடியோ எடுத்த அம்மாவைத் திட்டித் தீர்த்தவங்களுக்குத்தான் இது. "புள்ளை வெட்டி வெட்டி இழுக்குது, இவ போனைத் தூக்கிட்டு நிக்கிறா"ன்னு எத்தனை பேர்! அவங்க செஞ்சதுதான் சரி.

ஆறு மாசக் குழந்தை. தூங்கி எழுந்ததும் தலை முன்னால தொங்குது, ரெண்டு கையும் விரியுது, ஓரிரு செகண்ட்ல விட்டுடுது. கொஞ்ச நேரத்துல மறுபடியும். இப்படி வரிசையா வருது. உரம் விழுந்திருக்கு, வயித்துவலி, பயந்திருக்குன்னு ஆளாளுக்குச் சொல்வாங்க. உரம் எடுக்க அலையறதுலயே வாரம் ஓடிடும். டாக்டர் முன்னால படுக்க வெச்சா அதே குழந்தை சிரிச்சுட்டுக் கிடக்கும். அவர் எதைப் பார்த்துக் கண்டுபிடிப்பார்?

கைக்குழந்தைகளுக்கு வர்ற ஒரு வகை வலிப்பான இன்ஃபன்டைல் ஸ்பாசமா இருக்கலாம்னு சந்தேகப்பட வேண்டிய அறிகுறி இது. 1841ல வெஸ்ட்ங்கிற இங்கிலாந்து டாக்டர் இதை லான்செட்ங்கிற மருத்துவ இதழுக்கு எழுதினார். சொந்த மகனுக்கு வந்ததைத்தான் அப்படி நுணுக்கமா கவனிச்சு எழுதினார். அவருக்கும் மனசு இல்லைன்னு சொல்வீங்களா?

வீடியோ எடுக்கறவங்க போர்வையை விலக்கிடுங்க. முகம், கை, கால் மொத்தமும் தெரியணும். லைட் போடுங்க, கையைப் பிடிச்சு அமுக்காதீங்க. ஒரு வெட்டோட நிறுத்தாம வரிசை முடியற வரைக்கும் எடுங்க. தூங்கி எழுந்து எவ்வளவு நேரம் ஆச்சுன்னு வாயால சொல்லிட்டே எடுங்க.

"முதல்ல தூக்கிட்டு ஓட வேண்டாமா?" 5 நிமிஷம் தாண்டின வலிப்பு, மூச்சுத் திணறல், உதடு நீலமாகறதுன்னா ஓடணும்தான். ஒருக்களிச்சுப் படுக்க வைங்க, வாயில எதையும் வைக்காதீங்க, 108 கூப்பிடுங்க. ஓரிரு செகண்ட்ல விட்டுடற இந்த வெட்டு அந்த மாதிரி இல்லை.

"ஸ்கேன் நார்மல்தானே?" ஸ்கேன் மூளையோட அமைப்பைத்தான் காட்டும், அதோட மின்னோட்டத்தைக் காட்டாது. அதுக்கு மூளையோட மின்னோட்டத்தைப் பதிவு செய்யற இஇஜி சோதனை வேணும், தூக்கத்தையும் விழிப்பையும் சேர்த்து. விழிச்சிருக்கும்போது மட்டும் எடுத்த இஇஜியில கோளாறு தப்பிப் போகலாம். தோல்ல இலை மாதிரி வெள்ளைத் திட்டு இருக்கான்னும் பார்க்கணும். அது டியூபரஸ் ஸ்க்ளீரோசிஸ்ங்கிற மரபணு நோயோட அடையாளமா இருக்கலாம். அந்த நோயா இருந்தா விகாபாட்ரின்தான் முதல் மருந்து. மத்தவங்களுக்குப் பெரும்பாலும் ஏசிடிஎச்ங்கிற ஹார்மோன் ஊசி, இல்லேன்னா பிரெட்னிசோலோன்ங்கிற ஸ்டீராய்டு மருந்து. தள்ளிப்போடத் தள்ளிப்போட குழந்தையோட வளர்ச்சிதான் அடி வாங்கும். முகம் பார்த்துச் சிரிச்ச புள்ளை சிரிக்கறதையே விட்டுடலாம்.

இவ்வளவு முக்கியமான வீடியோவை, நீங்க பேசின பேச்சு தாங்காம அந்த அம்மா அழிச்சுட்டாங்களாம். என்ன சாதிச்சீங்க? புள்ளைக்கு என்னன்னு தெரியாம தவிச்ச ஒருத்தியை அழ வெச்சீங்க, அவ்வளவுதான்.

அவங்க வீட்டுப் பக்கம் யாராவது இருந்தா உடனே போய்ச் சொல்லுங்க. பெரும்பாலான போன்ல அழிச்ச வீடியோ கேலரி டிராஷ்ல 30 நாள் கிடக்கும். மீட்டு எடுத்துக்கிட்டு, நாளைக்குக் காலையிலேயே புதுச்சேரி கோரிமேடு ஜிப்மர் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பச் சொல்லுங்க.