மூளைச்சாவு: சம்மதத்துக்கு முன்பே தொடங்கும் சிக்கல்
மூளைச்சாவு என்பது மூளை மீளமுடியாதபடி செயலிழந்து, வென்டிலேட்டரால் மட்டும் மூச்சு நடக்கும் நிலை. அப்படி இறந்தவரின் உறுப்பு தானம் தடைபட உறவினர் மறுப்பே காரணம் என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. பாதிதான் சரி. மூளைச்சாவை அறிவிக்கவே, 1994-ன் மனித உறுப்பு மாற்றுச் சட்டப்படி நான்கு மருத்துவர்கள் கையெழுத்து வேண்டும். குறைந்தது 6 மணி நேர இடைவெளியில் இரண்டு சோதனைகள். அதில் வென்டிலேட்டரை விலக்கிப் பார்க்கும்போது, ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு அழுத்தம் 60 மி.மீ. (பாதரச அளவு) தாண்டியும் தானாக மூச்சு வரக்கூடாது. தூக்க மருந்தின் தாக்கம் மிச்சமிருந்தாலோ உடல் சில்லிட்டிருந்தாலோ முடிவை நம்ப முடியாது. சென்னையின் பெரிய மருத்துவமனைகளுக்கு இதெல்லாம் பழக்கம். சின்ன ஐசியுவில் நள்ளிரவில் நான்கு பேரை எங்கே தேடுவது?

முதல் சோதனை முடிந்த கையோடு தானப் பேச்சை எடுப்பதுதான் பெரிய பிழை. ‘உறுப்புக்காகத்தான் செத்துட்டார்னு சொல்றாங்க’ என்ற சந்தேகம் அங்கேதான் முளைக்கிறது. முதலில் இறப்பைச் சொல்லுங்கள். தானத்தைப் பற்றி, சிகிச்சை தராத வேறொருவர், பிறகு பேசட்டும். குடும்பம் மறுத்துவிட்டால் வென்டிலேட்டரை நிறுத்தலாமா? அதற்கு அந்தச் சட்டத்தில் தெளிவான விடை இல்லை. பில் மட்டும் ஏறுகிறது.