யோசிக்கத் தெரியாத பிள்ளைகளா?

"இப்போதுள்ள பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்ததைத் தவிர வேறெதுவும் தெரியவில்லை." கோலாலம்பூரில் நம்மவர்கள் நாலு பேர் கூடும் இடத்தில் இந்தப் பேச்சு வராமல் இருக்காது. முதலாளிகள் சொல்கிறார்கள், சூப்பர்வைசர்கள் சொல்கிறார்கள், பெற்றவர்களே சொல்கிறார்கள். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. ஒரே தடத்தில் நடக்க வைத்தே வளர்த்துவிட்டு, பக்கத்துப் பாதை கண்ணில் படவில்லையே என்று அவர்களைக் குறை சொல்வது நியாயமா?

ஆபிரகாம் லூச்சின்ஸ் என்ற உளவியலாளர் 1942இல் வெளியிட்ட ஒரு சோதனையை வீட்டிலேயே செய்து பார்க்கலாம். மூன்று குடங்கள். 21, 127, 3 அளவு பிடிப்பவை. இவற்றை வைத்துச் சரியாக 100 அளவு தண்ணீர் எடுக்க வேண்டும். 127 குடத்தை நிரப்பி, அதிலிருந்து 21ஐ ஒரு தடவையும் 3ஐ இரண்டு தடவையும் ஊற்றி எடுத்தால் 100 மிஞ்சும். இதே வழியில் தீரும் கணக்குகளை அவர் வரிசையாகக் கொடுத்தார். அப்புறம் 23, 49, 3 குடங்களைக் கொடுத்து 20 கேட்டார். பெரும்பாலோர் அதே சுற்றுவழியில்தான் போனார்கள். 23இலிருந்து 3ஐக் கழித்தால் போதுமே! முந்தைய கணக்குகளைச் செய்யாமல் நேராக இதற்கு வந்தவர்கள் அந்தச் சுலப வழியை உடனே பிடித்துவிட்டார்கள். அடுத்து 28, 76, 3 குடங்களில் 25 கேட்டபோது பழைய வழி பலிக்காது. 28இல் 3ஐக் கழித்தால் தீர்ந்தது. பழகியவர்களில் நிறையப் பேர் அதிலேயே மாட்டிக்கொண்டார்கள். கைவந்த வழிதான் அவர்கள் கண்ணை மறைத்தது.

நான் கட்டடப் பராமரிப்பு வேலையில் இருப்பதால் இதை அடிக்கடி பார்க்கிறேன். ஒரு மீட்டிங் அறையில் ஏர்கோனிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தது. எங்கள் மூத்த டெக்னீஷியன்கள் கைதேர்ந்தவர்கள். தண்ணீர் சொட்டினால் வடிகால் குழாய் அடைத்திருக்கும். பத்தில் ஒன்பது இடத்தில் அதுதான் காரணம். குழாயைச் சுத்தம் செய்தார்கள். மறுபடியும் சொட்டியது. மறுபடியும் சுத்தம் செய்தார்கள். பயிற்சிக்கு வந்திருந்த பையன் ஒருவன், "அண்ணே, எந்நேரமும் சொட்டுதா, சில நேரம் மட்டுமா?" என்று கேட்டான். அதை யாரும் கவனித்திருக்கவில்லை. விசாரித்தால், பக்கத்து வராந்தாக் கதவைத் திறந்து போட்டிருக்கும் நாளில்தான் சொட்டியிருக்கிறது. நம்மூர் ஈரக்காற்று உள்ளே வந்து, குளிர்ந்த சல்லடையில் பட்டு வேர்த்து வடிந்திருக்கிறது. கதவு தானாகச் சாத்திக்கொள்ளும் கருவி ஒன்றைப் பொருத்தினோம். அதோடு பிரச்சினை தீர்ந்தது. அந்தப் பையனுக்குக் குழாயை அப்போது கழற்றக்கூடத் தெரியாது. அதனால்தான் அவனால் கேட்க முடிந்தது என்று நினைக்கிறேன்.

பெரிய அளவிலும் நம் கண்ணெதிரே ஓர் உதாரணம் இருக்கிறது. 2007இல் திறந்த ஸ்மார்ட் சுரங்கம், 9.7 கிலோமீட்டர் நீளம். மழை கொட்டினால் நகரின் நடுப்பகுதி மூழ்காமல் இருக்க வெள்ளத்தைத் திருப்பிவிடும் வழி அது. ஆனால் வெள்ளத்துக்கென்றே தோண்டிய சுரங்கம் வருஷத்தில் பெரும்பாலான நாள் சும்மாதானே கிடக்கும்? அதனால் அதன் ஒரு பகுதியில் இரண்டு அடுக்குச் சாலை போட்டார்கள். சாதாரண நாளில் கார் ஓடும். மிதமான வெள்ளம் வந்தால் சாலைக்கு அடியில் உள்ள பகுதியில் தண்ணீர் போகும். பெருவெள்ளம் என்றால் வண்டிகளை வெளியேற்றிக் கதவுகளை அடைத்துவிட்டு முழுச் சுரங்கத்தையும் தண்ணீருக்கு விடுவார்கள். சாலையா வடிகாலா என்ற கேள்விக்குள்ளேயே நின்றிருந்தால் இது வந்திருக்காது.

இனி பள்ளிக்கூட விஷயம். ஆறாம் ஆண்டில் எழுதும் யுபிஎஸ்ஆர் தேர்வு 2021இல் போனது, மூன்றாம் படிவத்தில் எழுதும் பிடி3 தேர்வு 2022இல் போனது. பிள்ளைகள் இனிச் சுதந்திரமாகப் படிப்பார்கள் என்று நம்பினேன். டியூஷன் குறைந்ததா? என் கண்ணுக்குத் தெரிந்து இல்லை. இதில் எனக்கு ரொம்ப வருத்தம் தருவது, உயர்நிலைச் சிந்தனைக் கேள்விகளுக்கே மாதிரி விடைப் புத்தகம் விற்பதுதான். சுயமாக யோசிக்க வேண்டும் என்று கொண்டுவந்த கேள்விக்கு மனப்பாட விடை! அதை வாங்கிக் கொடுப்பதும் நாம்தான்.

பயிற்சி வேண்டாம் என்று சொல்லவில்லை. வாய்ப்பாடு தெரியாமல் கணக்கு வராது, குழாய் கழற்றத் தெரியாமல் என் வேலை நடக்காது. ஒரு வழி நன்றாகப் பழகிய கையோடு, "இதையே வேறு எப்படிச் செய்யலாம்?" என்றும் கேட்டுப் பழக வேண்டும் என்பதுதான் என் கட்சி. லூச்சின்ஸ் சிலரை இடையில் நிறுத்தி, 'குருட்டுத்தனமாகச் செய்யாதே' என்று தாளில் எழுத வைத்தார். அவர்களில் கூடுதலான பேர் சுலப வழியைக் கண்டுபிடித்தார்கள். இவ்வளவு சின்னத் தூண்டலுக்கே பலன் இருக்கிறது.

வேலையிடத்தில் நான் இப்போது கேட்டுக்கொள்வது ஒன்றுதான். புதிதாக வருபவருக்கு எல்லாவற்றையும் சொல்லிக் கொடுக்கும் முன், முதல் வாரம் அவர் கேட்கும் கேள்விகளை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். "அதெல்லாம் அப்படித்தான்" என்று பதில் சொன்ன கேள்விகளை மாதக் கடைசியில் ஒரு தடவை எடுத்துப் பாருங்கள்.

தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள் இதைப் படித்தால் ஒரு உதவி. வகுப்பில் சொல்லிக் கொடுக்காத வழியில் ஒரு பிள்ளை சரியான விடை கொண்டுவந்தால் நீங்கள் எப்படி மார்க் போடுகிறீர்கள்? கீழே எழுதுங்கள். பெற்றோர் நிறையப் பேருக்கு அது தெரிய வேண்டியிருக்கிறது.