லாண்ட்மாஸ்டர்காரனின் கிளச் ஆலோசனை

எங்கள் தம்பி ஒருவரின் கறுப்பு ஸ்டார்லெட் கிளன்சாவுக்கு, டொயோட்டாவின் அந்தச் சின்ன டர்போ காருக்கு, எந்தக் கிளச் போடுவது என்று நான் எழுதியதன் கீழே நடந்த கூத்தை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். "லாண்ட்மாஸ்டர் திருத்துகிறவர்களும் பந்தயக் காருக்குக் கிளச் சொல்ல வந்துவிட்டார்கள்" என்ற பின்னூட்டத்துக்கு விழுந்த சிரிப்புக் குறிகளில் எனக்குத் தெரிந்த முகங்களும் இருந்தன. ஆம், வயல் உழும் இருசில்லு லாண்ட்மாஸ்டரைத் திருத்துகிறவன்தான் நான், இருக்கட்டும். மரியாதையாகவே மறுபடியும் சொல்கிறேன்: ஏ9 வீதியிலும் முல்லைத்தீவின் கிறவல் ஒழுங்கைகளிலும் அன்றாடம் ஓடும் காருக்கு, கிடைப்பதிலேயே இலேசான பிளைவீலையும் (இயந்திரத்தின் சுழற்சியைச் சேமித்து வைக்கும் கனத்த சக்கரம்) பந்தயத்துக்கான ஆறு துண்டுச் செராமிக் கிளச்சையும் சேர்த்துப் போடாதீர்கள்.

1331 சிசி டர்போ இயந்திரம், 135 குதிரைவலு, தொள்ளாயிரம் கிலோவைச் சற்றே தாண்டும் எடை. அது ஏற்கெனவே துள்ளுகிற கார். பிளைவீலை இலேசாக்கினால் குதிரைவலு கூடாது. சுழற்சியை ஏற்றி இறக்க இயந்திரம் செலவழிக்கும் சக்தி மட்டுமே குறையும். அந்தப் பயனும் முதலாம், இரண்டாம் கியர்களில் நன்றாகத் தெரிந்து, ஐந்தாம் கியருக்கு வரும்போது தேய்ந்துவிடும். எத்தனை கிலோ குறைந்தது என்று கேட்பவர்கள், எந்த இடத்தில் குறைந்தது என்று கேட்பதில்லை. உயர்தரத்தில் படித்த சடத்துவத் திருப்பம், அதாவது சுழலும் பொருள் வேகமாற்றத்தை எதிர்க்கும் அளவு, நினைவிருந்தால், விளிம்பில் குறைக்கும் ஒரு கிலோ, அதன் பாதித் தூரத்தில் குறைக்கும் நான்கு கிலோவுக்குச் சமம் என்பது விளங்கும். அதற்காகப் பழைய வார்ப்பிரும்புப் பிளைவீலை லேத்தில் கொடுத்துச் சீவுவது பற்றி நான் பேசவே விரும்பவில்லை. அதிவேகச் சுழற்சியில் அது வெடித்தால் துண்டுகள் வந்து சேருமிடம் ஓட்டுநரின் கால்கள்.

செராமிக் கிளச் திடீரென்று கவ்வும், மெல்ல வழுக்கிச் சேரும் அரைக் கிளச் என்பதை அது அறியாது. நடுவில் ஸ்பிரிங் இல்லாத தட்டானால் அந்த அடி முழுவதும் கியர்பெட்டிக்குப் போகும். சேமித்து வைத்த சுழற்சி குறைந்த பிளைவீலும் கூட இருந்தால், கார் புறப்படும்போதே அணையும். அணையாமலிருக்க ஆக்சிலேட்டரை மிதித்துக் கிளச்சை விட்டால் அடி இன்னும் பலக்கும். ஆகவேதான் நடுத்தர எடையுள்ள அடித்த எஃகுப் பிளைவீல், கிளச் தட்டை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட் ஓரளவு இறுக்கமானதாக, ஸ்பிரிங் உள்ள முழுவட்ட ஓர்கானிக் தட்டு என்றேன். இயந்திரம் தரும் முறுக்குவிசையைச் சற்று மிகையாகத் தாங்கினால் கிளச்சின் வேலை முடிந்தது. அதற்கு மேல் இறுக்குவதெல்லாம் உங்கள் முழங்காலுக்கும் கிராங்க் தண்டு முன்பின் நகராமல் தாங்கும் த்ரஸ்ட் பேரிங்குக்கும் கொடுக்கும் தண்டனை.

பந்தயக்காரர்கள் அப்படித்தானே போடுகிறார்கள் என்பீர்கள். நுவரெலியா மகாகஸ்தோட்டை மலையேற்றக் கார்ப் பந்தயத்துக்கு ட்ரெயிலரில் ஏற்றிச் செல்லும் காருக்குப் போடுங்கள், நான் எப்போது மறுத்தேன்? எங்கள் தம்பி அதே காரில்தான் அம்மாவையும் கிளினிக்குக் கொண்டுபோக வேண்டும். நான் கிளன்சா வைத்திருக்கிறேனா என்ற கேள்விக்குப் பதில் சொல்லப்போவதில்லை.

லாண்ட்மாஸ்டருக்கு வருகிறேன். ஒற்றைச் சிலிண்டர் நாலடி இயந்திரம் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் வெடிக்கிறது. மிச்ச நேரமெல்லாம் அதை இழுத்துச் செல்வது அந்தப் பெரிய பிளைவீல். சேற்று வயலுக்குள் அதன் பிடியைப் பிடித்து நடந்தவனுக்குப் பிளைவீலைப் பற்றி நீங்கள் பாடம் எடுக்கிறீர்கள்! போர்க்காலப் பொருளாதாரத் தடையின்போது என் பெரியப்பா, சில துளி பெற்றோல் விட்டு மொறிஸ் மைனரைக் கிளப்பி, மண்ணெண்ணெயில் ஓட்டினார். புதிய கிளச் பிளேட் வவுனியாவுக்கு வடக்கே ஓமந்தையைத் தாண்டி எங்கள் பக்கம் வராத நாட்களில், கிடைத்த லைனிங்கை வெட்டி, தன் கையால் றிவெற் அடித்துப் போட்டார். அந்தக் கார்களில் நோயாளிகள் போனார்கள், பிணங்களும் போயின. அவர் முன்னால் போய் இந்தச் சிரிப்புக் குறியைப் போட்டுக் காட்டுங்கள்.

தம்பி, கிளச் இன்னும் பெட்டிக்குள் இருந்தால் ஸ்பிரிங் உள்ள தட்டாக மாற்றித் தரும்படி கேள். சிரித்தவர்களில் ஒருவருடைய காரின் கருகிய கிளச்சைப் போன மாரியில் கழற்றியது எங்கள் கராஜில்தான். பெயர் சொல்ல மாட்டேன், கூலியில் நிற்கும் மிச்சத்தை மட்டும் அனுப்பிவிடுங்கள் அண்ணை.