தினமும் ஓட்டும் காருக்கு முதலில் டயர், பிறகுதான் ஸ்பிரிங்

காரை மேம்படுத்தப் போகிறேன் என்று யாராவது சொன்னால், பெரும்பாலும் அவர் மனத்தில் இருப்பது உயரத்தைக் குறைக்கும் ஸ்பிரிங்கும் பெரிய ரிம்மும்தான். பந்தயத்துக்கான கார் என்றால் அது வேறு கதை. குடும்பத்தை ஏற்றிக்கொண்டு அன்றாடம் ஓடும் காரில் முதல் செலவு டயருக்கு, அடுத்தது தேய்ந்த ஷாக் அப்சார்பருக்கும் (ஸ்பிரிங்கின் துள்ளலை அடக்கும் பாகம்) தளர்ந்த ஸ்பிரிங்குக்கும் என்பதுதான் என் கருத்து. தோற்றத்துக்கான மாற்றங்கள் அதற்குப் பிறகு காத்திருக்கலாம்.

காரின் மொத்த எடையும் சாலையில் பதிவது ஏறத்தாழ உள்ளங்கை அகலமுள்ள நான்கு ரப்பர்த் துண்டுகளில்தான். பிரேக் எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும் அந்த ரப்பர் பிடிக்கிற அளவுக்குத்தான் வண்டி நிற்கும். புதிய டயரின் காடிகள் சுமார் 8 மில்லிமீட்டர் ஆழம் இருக்கும்; தேய்ந்து 1.6 மில்லிமீட்டருக்கு வந்ததும், காடிகளின் அடியில் உள்ள சிறு மேடுகள் டயரின் மேற்பரப்போடு சமமாகிவிடும். பல நாடுகளில் சட்டம் அனுமதிக்கும் கடைசி எல்லை அதுவே. ஆனால் ஈரச் சாலையில் நீரை வெளியேற்றும் திறன் அதற்கு வெகு முன்பே குறைந்துவிடுவதால், 3 மில்லிமீட்டருக்கு வந்த டயரை மாற்றிவிடுவதே நல்லது. வாங்கும்போது பக்கவாட்டில் பொறித்திருக்கும் நான்கு இலக்கங்களையும் படித்துப் பாருங்கள்: 2321 என்றால் அந்த டயர் 2021ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் தயாரானது. ஆண்டுக்கணக்கில் கிடங்கில் கிடந்ததைப் புதியது என்று வாங்கி வர வேண்டியதில்லை.

இரண்டு டயர் மட்டும் மாற்றுகிறவர்கள் புதியவற்றை முன்னால் போடச் சொல்லிக் கேட்பதுண்டு. முன்சக்கரம் இழுக்கும் காராக இருந்தாலும் புதியவை பின்னால்தான் போக வேண்டும். ஈரத்தில் முன்சக்கரம் வழுக்கினால் வண்டி திரும்ப மறுத்து நேராகப் போகும், ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் ஓரளவு கட்டுக்குள் வரும். பின்சக்கரம் வழுக்கினால் வண்டியே சுழன்றுவிடும், சாதாரண ஓட்டுநரால் அதை மீட்பது மிகக் கடினம்.

அளவை மாற்றுவதிலும் கணக்கு உண்டு. 205/55 ஆர்16 டயரின் (அகலம் 205 மில்லிமீட்டர், பக்கச்சுவரின் உயரம் அதில் 55 சதவீதம், ரிம்மின் விட்டம் 16 அங்குலம்) மொத்த விட்டம் சுமார் 632 மில்லிமீட்டர், 225/45 ஆர்17 டயருக்குச் சுமார் 634. வேகமானி ஏறத்தாழச் சரியாகவே காட்டும் என்பதால் இந்த மாற்றம் பரவலாக நடக்கிறது. ஆனால் பக்கச்சுவரின் உயரம் 113 மில்லிமீட்டரிலிருந்து 101 ஆகக் குறைவதால், பள்ளத்தில் விழும்போது அடி நேராக ரிம்முக்குப் போகும்; அகலம் கூடுவதால் தேங்கிய நீரில் மிதக்கும் வாய்ப்பும் கூடும். அழகுக்காக இவ்வளவு கொடுக்க வேண்டுமா என்பதை வாங்குகிறவர்தான் தீர்மானிக்க வேண்டும்.

இனி ஸ்பிரிங். உயரம் குறைய வேண்டும் என்பதற்காக இருக்கிற ஸ்பிரிங்கிலேயே ஒரு சுற்றை அறுத்து எடுக்கும் வழக்கத்தை என்னால் ஏற்கவே முடியாது. சுற்றுகள் குறையக் குறைய ஸ்பிரிங்கின் விறைப்பு கூடும், அறுத்த முனை தன் இருக்கையில் சரியாக உட்காராது. முறையாகத் தயாரான குட்டை ஸ்பிரிங்காக இருந்தாலும், பழைய ஷாக் அப்சார்பரோடு சேர்த்தால், விறைப்பான ஸ்பிரிங்கின் துள்ளலை அதனால் அடக்க முடியாமல் போகலாம்; மேலும் சக்கரம் மேலெழும்பும் தூரம் குறைவதால் சற்றுப் பெரிய மேட்டிலேயே பம்ப் ஸ்டாப் எனும் தடுப்பு ரப்பர் வரை போய் இடிக்கும். கம்பியின் தடிமன் விறைப்பை எந்த அளவுக்கு மாற்றுகிறது என்பது பலருக்கு வியப்பாக இருக்கும்: மற்ற அளவுகள் மாறாமல் தடிமன் மட்டும் 10 சதவீதம் கூடினால் விறைப்பு ஏறத்தாழ 46 சதவீதம் கூடிவிடும்.

தேய்மானத்துக்காக மாற்றும்போது ஒரே அச்சின் இரு பக்கமும் சேர்த்து மாற்றுவதும், கழற்றிய கையோடு மேல் மவுன்ட் (ஷாக்கின் மேல்முனையை வண்டியோடு பொருத்தும் பாகம்), பம்ப் ஸ்டாப், தூசி உறை ஆகியவற்றைப் பார்ப்பதும் அடிப்படை. பலர் கவனிக்காத வேலை ஒன்று உண்டு. சக்கரத்தை வண்டியோடு இணைக்கும் கன்ட்ரோல் ஆர்மின் மூட்டில் உள்ள ரப்பர் புஷ் போல்ட்டுகளை, சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போதே இறுக்கிவிடுகிறார்கள். வண்டியை இறக்கியதும் அந்த ரப்பர் நிரந்தரமாக முறுக்கிய நிலையிலேயே இருந்து, சீக்கிரமே கிழிந்துவிடும். வண்டியின் எடை சக்கரத்தின் மேல் இருக்கும்போதுதான் கடைசி இறுக்கம் தர வேண்டும். ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிக்கும் கருவி நழுவினால் உயிருக்கே ஆபத்து என்பதால், பழக்கமில்லாதவர்கள் இதை வீட்டில் முயலவே கூடாது.

ஸ்பிரிங்கோ ஷாக்கோ மாறினால் வீல் அலைன்மென்ட், அதாவது சக்கரங்களின் கோணத்தைச் சரிசெய்யும் வேலை, செய்தே ஆக வேண்டும். உயரம் மாறும்போது சக்கரத்தின் கோணங்களும் மாறிவிடுவதால், இதைத் தள்ளிப்போட்டால் புத்தம்புது டயரின் உள்விளிம்பு மட்டும் வழுக்கையாகிவிடும். வெளியே நின்று பார்ப்பவர் கண்ணுக்கு அது படவும் படாது. வேலை முடிந்ததும் சரிசெய்வதற்கு முன்பும் பின்பும் எடுத்த அளவுகளை அச்சிட்ட தாளைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை ஸ்டீயரிங் ஒரு பக்கம் இழுத்தால், அந்தக் கோணங்களில் எது நகர்ந்திருக்கிறது என்பதை மெக்கானிக் அதை வைத்தே கண்டுபிடிக்கலாம்.