தகவலுக்குப் பதிப்புரிமை இல்லை, சரி, எழுதிய வரிகளுக்கு?

“அகராதி, கலைக்களஞ்சியத்தில் இருப்பது வெறும் தகவல். தகவலுக்குப் பதிப்புரிமை கிடையாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றமே 1991-ல் சொல்லிவிட்டது. பெயர் போடாமல் எடுத்துக்கொள்ளலாம்” என்று ஒரு செய்தி சுற்றுகிறது. பாதி உண்மை, அதனால்தான் எளிதில் நம்பிவிடுகிறார்கள்.

அந்தத் தீர்ப்பு வந்த ஃபைஸ்ட் வழக்கு, கான்சஸ் மாநிலத்துத் தொலைபேசிப் புத்தகம் ஒன்றை ஃபைஸ்ட் என்ற நிறுவனம் நகலெடுத்ததைப் பற்றியது. பெயர், ஊர், எண், அதுவும் அகர வரிசையில். இதில் படைப்பு எதுவும் இல்லை என்றது நீதிமன்றம். ஆனால் எதைச் சேர்ப்பது, எப்படி அடுக்குவது என்பதில் கொஞ்சமாவது சொந்த யோசனை இருந்தால் அதற்குப் பாதுகாப்பு உண்டு என்பதும் அதே தீர்ப்புதான். கலைக்களஞ்சியக் கட்டுரையோ ஒருவர் உட்கார்ந்து எழுதிய உரைநடை. ஒருவர் பிறந்த ஆண்டை யாரும் எடுத்தாளலாம். அவரைப் பற்றி இன்னொருவர் எழுதிய பத்தியை அப்படியே எடுக்க முடியாது.

இன்னொன்று: பதிப்புரிமை சட்டப் பிரச்சினை, கருத்துத் திருட்டு கல்வி நேர்மைப் பிரச்சினை. பதிப்புரிமை காலாவதியான பழைய நூலிலிருந்து எடுத்தாலும் பெயர் சொல்லாவிட்டால் அது திருட்டுதான்.

நகலெடுப்பவரைப் பிடிக்கப் பதிப்பாளர்கள் பொய்ப் பதிவுகளை ஒளித்து வைப்பதும் உண்டு. 1975-ல் வந்த நியூ கொலம்பியா கலைக்களஞ்சியத்தில் லிலியன் மவுன்ட்வீசல் என்ற புகைப்படக் கலைஞருக்கு ஒரு பதிவு இருக்கிறது. அப்படி ஒருவர் பிறக்கவே இல்லை! ஃபைஸ்ட் நிறுவனம் நகலெடுத்தவற்றிலும் இப்படிப்பட்ட 4 போலிப் பதிவுகள் இருந்தன.

அப்புறம், “விக்கிப்பீடியா இலவசம்தானே?” இலவசம்தான். ஆனால் அதன் உரிமத்தின் முதல் நிபந்தனையே மூலத்தைக் குறிப்பிட வேண்டும் என்பது.