கறுப்பு செடானுக்கு மாதாமாதம் ரப்பிங்கா?

கறுப்பு காரில் வெயில் பட்டதும் சிலந்திவலை போலத் தெரியும் மெல்லிய கீறல் கோடுகளுக்கு மாதம் ஒருமுறை ரப்பிங் பாலிஷ் (பூச்சைத் தேய்த்து மெருகேற்றுவது) போடச் சொல்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. தயவுசெய்து வேண்டாம். கம்பெனி பெயின்ட்டின் மேல் இருக்கும் நிறமற்ற பாதுகாப்புப் பூச்சான கிளியர் கோட் பெரும்பாலும் 35 முதல் 50 மைக்ரான்தான் (ஒரு மைக்ரான் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). ரப்பிங்குக்குப் போடும் காம்பவுண்ட் ஒவ்வொரு முறையும் அதைக் கொஞ்சம் சீவி எடுக்கும், போனது வராது. பானெட் ஓரத்திலும் கதவு மடிப்பிலும் பூச்சு இன்னும் மெலிசு. பாலிஷ் மெஷின் பிடிக்கும் முன் அங்கே மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள்.

கோடு விழுவது பெரும்பாலும் கழுவும்போதுதான். காய்ந்த தூசியைத் துணியால் தட்டினாலே போதும், மணல் கோடு இழுத்துவிடும். முதலில் தண்ணீர் பீய்ச்சி மண்ணை இறக்குங்கள். ஷாம்புக்கு ஒரு பக்கெட், துணி அலச இன்னொன்று. மேலிருந்து கீழே, வீல் கடைசியில், வேறு துணியால்.

போர்வெல் தண்ணீர் என்றால் வெயிலில் கழுவவே கூடாது. அதன் உப்பு காய்ந்து விட்ட வெள்ளைப் புள்ளிகளுக்கு வெள்ளை வினிகரும் தண்ணீரும் சமமாகக் கலந்து, நிழலில், சூடில்லாத பானெட்டில் ஒரு நிமிடம் வைத்து அலசுங்கள். அப்போதும் போகாவிட்டால் உப்பு பூச்சையே அரித்திருக்கிறது. பாலிஷ் அதற்குத்தான், அதுவும் மென்மையான ஃபினிஷிங் பேடில் (மெஷினில் மாட்டும் ஸ்பாஞ்ச்) தொடங்கி, ஒரு சிறு சதுரத்தில் சோதித்த பிறகு.

பெயின்ட்டின் மேல் பூசும் செராமிக் கோட்டிங் என்ற பாதுகாப்புப் படலம் கோடுகளை மறைக்கும் என்பதும் கடைக்காரர் பேச்சு. கோடுகளைச் சரிசெய்யாமல் போட்டால் அவை அடியிலேயே பூட்டப்படும். சில்வர் வண்டிக்காரர்கள் சிரிக்க வேண்டாம்: உங்களுக்கும் அதே கோடுகள் உண்டு, கண்ணுக்குத் தெரிவதில்லை, அவ்வளவுதான்.